வீட்டுத் தோட்டத்தில் பிறருக்கும் பங்குண்டு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழ் அனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியன. வறண்டு கிடக்கும் பூமியின் மீது மழையை இறக்கி, அதிலிருந்து தானியத்தையும் கனியையும் பூவையும் வெளிப்படுத்தும் ரப்புல் ஆலமீனைப் புகழ்கிறோம். ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்கள் வழி நடந்த நல்லோர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்துகொள்கிறேன்.

ஆடி மாதம் பிறந்துவிட்டது. விதை போடும் காலம். நிலம் உள்ளவர் நிலத்தில் போடுகிறார். நிலம் இல்லாதவர் மாடியில் பை வைத்து, பழைய பெயிண்ட் வாளியில் மண் நிரப்பி, கீரையும் தக்காளியும் மிளகாயும் போடுகிறார். நம் மஹல்லாவில் பல வீடுகளின் மாடியில் பச்சை தெரிகிறது. மாஷா அல்லாஹ், நல்ல விஷயம். அதனால் இன்றைய ஜும்ஆவில் இந்த வீட்டுத் தோட்டத்தைப் பற்றியே பேசுவோம். இந்த உரையை வீட்டில் இருந்து வாசிக்கும் தாய்மார்களும் சகோதரிகளும் கூடுதலாகக் கவனியுங்கள். ஏனெனில் பெரும்பாலான வீடுகளில் இந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது நீங்கள்தான்.

இதில் மார்க்கம் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். மனிதன் தன் உணவைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கட்டும் என்று அல்லாஹ் 'அபஸ' அத்தியாயத்தில் கட்டளையிடுகிறான். பிறகு மழை பொழிவதையும், பூமி பிளப்பதையும், தானியம், திராட்சை, காய்கறி, ஒலிவம், பேரீச்சை, அடர்ந்த தோட்டங்கள் என்று ஒவ்வொன்றாகவும் எண்ணிக் காட்டுகிறான். தட்டில் இருக்கும் சோற்றைப் பார்ப்பதே ஒரு பாடம் என்றால், அது முளைப்பதை நம் வீட்டிலேயே தினமும் பார்ப்பது எவ்வளவு பெரிய பாடம்!

ஜும்ஆ முடிந்ததும் ஒரு சட்டிக் கீரை

மதீனாவில் ஒரு மூதாட்டி இருந்தார். அவருடைய செய்தியை நமக்கு அறிவிப்பவர் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள். அந்த மூதாட்டியின் பெயர் அந்த ஹதீஸில் இல்லை. அவருக்கு ஒரு சிறு நிலம் இருந்தது. அதன் வாய்க்கால் ஓரங்களில் 'ஸில்க்' என்ற செடியை நட்டு வைத்திருந்தார். பீட்ரூட் வகையைச் சேர்ந்த கீரை அது. வெள்ளிக்கிழமை வந்தால் அதை வேரோடு பிடுங்குவார். சட்டியில் போட்டு, ஒரு பிடி வாற்கோதுமையை அரைத்துச் சேர்த்து வேக வைப்பார். கறி கிடையாது, கொழுப்பும் கிடையாது. கறித் துண்டு இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கீரையின் வேர்த் தண்டு இருக்கும். ஜும்ஆ தொழுதுவிட்டு ஸஹாபாக்கள் திரும்பும்போது அவர் வீட்டுக்குப் போய் ஸலாம் சொல்வார்கள். அவர் அந்த உணவை அவர்கள் முன் வைப்பார். அந்தச் சாப்பாட்டுக்காகவே நாங்கள் வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று ஆசையோடு இருப்போம் என்கிறார் ஸஹ்ல் (ரலி) அவர்கள்.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த ஒரு செய்தியை எத்தனை இடங்களில் பதிவு செய்திருக்கிறார்கள் பாருங்கள். ஜும்ஆ பற்றிய பாடத்தில் ஒரு முறை. விவசாயம் பற்றிய பாடத்தில் ஒரு முறை. உணவு பற்றிய பாடத்தில் ஒரு முறை. ஸலாம் சொல்லும் ஒழுக்கம் பற்றிய பாடத்திலும் ஒரு முறை. ஒரு மூதாட்டி வாய்க்கால் ஓரத்தில் நட்ட கீரை, ஹதீஸ் கலையின் மிகப் பெரிய நூலில் இத்தனை பாடங்களில் இடம்பெற்றுவிட்டது!

எதனால் அந்தச் சிறப்பு? அவரிடம் பெரிய தோட்டம் இருந்ததாலா? இல்லை. வாய்க்கால் ஓரம் அளவுக்குத்தான் அந்தக் கீரைக்கு இடம். அவரிடம் விலை உயர்ந்த விளைச்சல் இருந்ததாலா? அதுவும் இல்லை. அந்தக் கீரையில் மற்றவர்களுக்கும் பங்கு இருந்தது. வாரம் ஒரு நாள் அந்த வீட்டு வாசலில் ஸலாம் சொல்லும் சத்தம் கேட்டது. இன்றைக்கு நாம் பேச வந்த விஷயம் இதுதான் சகோதரர்களே! உங்கள் மாடியில் எத்தனை பைகள் இருக்கின்றன என்பது அல்ல கேள்வி. அதிலிருந்து எத்தனை பேருடைய சட்டிக்குக் கீரை போகிறது என்பதுதான் கேள்வி.

அணில் கடித்ததும் கணக்கில் உண்டு

ஒரு முஸ்லிம் ஒரு மரத்தை நட்டோ, ஒரு பயிரை விதைத்தோ, அதிலிருந்து ஒரு பறவையோ மனிதனோ பிராணியோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாக ஆகிவிடுகிறது என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

முஸ்லிமில் வரும் மற்றோர் அறிவிப்பு இன்னும் விரிவானது. நபி (ஸல்) அவர்கள் உம்மு முபஷ்ஷிர் (ரலி) என்ற அன்ஸாரிப் பெண்மணியின் பேரீச்சந் தோட்டத்துக்குச் சென்றார்கள். இதை நட்டவர் முஸ்லிமா, முஸ்லிம் அல்லாதவரா என்று கேட்டார்கள். முஸ்லிம்தான் என்று அந்த அம்மையார் சொன்னதும், மேலே சொன்ன நற்செய்தியைக் கூறினார்கள். ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பில், அதிலிருந்து திருடப்பட்டதும் நட்டவருக்கு ஸதகாதான் என்று வருகிறது.

மாடித் தோட்டம் போட்டவர்களுக்கு இந்த ஹதீஸின் அருமை நன்றாகத் தெரியும். மூன்று மாதம் காத்திருந்து தக்காளி சிவக்கும். நாளைக் காலை பறிக்கலாம் என்று விட்டிருப்போம். விடிவதற்குள் அணில் பாதியைக் கடித்துப் போட்டிருக்கும். கிளி வந்து மிளகாயைக் கொத்தியிருக்கும். மனசு வலிக்கும். வலை கட்டிப் பாதுகாப்பதில் தவறு இல்லை. நம் பொருளைக் காப்பது நம் உரிமை. ஆனால் அதையும் மீறிப் போனது வீணாகிவிட்டது என்று ஒரு மூமின் எண்ண வேண்டியதில்லை. உங்கள் தட்டுக்கு வராத அந்தத் தக்காளி, உங்கள் ஏட்டில் எழுதப்பட்டுவிட்டது. பையில் இருந்து ஸதகா கொடுக்க யோசிக்கிற நாம், தூங்கிக்கொண்டிருக்கும்போதே ஸதகா கொடுக்க வைக்கிறான் அல்லாஹ்!

அபுத் தர்தா (ரலி) அவர்கள் திமஷ்க் நகரில் செடி நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வழியே போன ஒருவர், அல்லாஹ்வின் தூதருடைய தோழராகிய நீங்களா இந்த வேலையைச் செய்கிறீர்கள் என்று கேட்டார். அவசரப்பட்டுப் பேசாதீர் என்று அவரைத் தடுத்துவிட்டு, இந்த நற்செய்தியைத்தான் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். முஸ்னத் அஹ்மதில் இந்தச் சம்பவம் வருகிறது. மண்ணில் கை வைப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தச் சம்பவத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

விதைப்பது நாம், முளைக்க வைப்பது அவன்

நீங்கள் விதைப்பதைப் பார்த்தீர்களா, அதை முளைக்க வைப்பது நீங்களா, நாமா என்று 'அல்வாகிஆ' அத்தியாயத்தின் 63, 64ஆம் வசனங்களில் அல்லாஹ் நம்மைப் பார்த்துக் கேட்கிறான். ஒரே பாக்கெட்டில் இருந்து எடுத்த பத்து விதையைப் போடுகிறோம். ஏழு முளைக்கிறது, மூன்று முளைக்கவில்லை. ஏன் என்று நம்மால் சொல்ல முடிவதில்லை. 'அர்ரஃது' அத்தியாயத்தின் 4ஆம் வசனத்தில் இன்னொன்றையும் கவனிக்கச் சொல்கிறான். அடுத்தடுத்த நிலம், ஒரே தண்ணீர், ஆனால் விளைச்சலின் சுவையோ வேறு வேறு. ஒரே வாளித் தண்ணீரைத்தான் பாகல் கொடிக்கும் ஊற்றுகிறோம், பக்கத்துப் பையில் இருக்கும் தக்காளிக்கும் ஊற்றுகிறோம். ஒன்று கசக்கிறது, ஒன்று புளிக்கிறது. பிள்ளைகளுக்குத் தவ்ஹீதைச் சொல்லிக் கொடுக்க இதைவிட எளிய பாடம் வேறு எங்கே கிடைக்கும்?

அதற்காக, அல்லாஹ் முளைக்க வைப்பான் என்று விதையைத் தூவிவிட்டுப் போய்விடக் கூடாது. மதீனாவாசிகள் ஆண் பேரீச்சையின் பூந்தாதை எடுத்துப் பெண் பாளையில் சேர்ப்பார்கள். அதைச் செய்யாமல் விட்டால் என்ன என்பது போல நபி (ஸல்) அவர்கள் ஒரு முறை கருத்துச் சொன்னார்கள். மக்கள் விட்டுவிட்டார்கள். அந்த ஆண்டு விளைச்சல் சரியில்லை. அப்போது, உங்கள் உலக காரியங்களை நீங்களே நன்கு அறிந்தவர்கள் என்று அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். முஸ்லிமில் உள்ள செய்தி இது. தொழில் அறிந்தவர்களிடம் தொழிலைக் கற்க வேண்டும் என்பது இதில் நமக்குப் பாடம்.

மாடியில் சுரைக்கொடி போட்டவர்கள் பலர், பூ பூக்கிறது, பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடுகிறது என்று வருத்தப்படுவதுண்டு. அங்கேயும் காரணம் பெரும்பாலும் இதுவேதான். சுரையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவுக்குப் பின்னால் குட்டிச் சுரைக்காய் போல ஒரு பிஞ்சு இருக்கும். ஆண் பூ வெறும் காம்போடு இருக்கும். வெள்ளைப் பூ மாலையில்தான் விரியும். அந்த நேரத்தில் மாடிக்குத் தேனீ வருவது குறைவு. அதனால் அஸர் முடிந்து மஃக்ரிபை நெருங்கும் நேரத்தில், விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்கள். இன்ஷா அல்லாஹ் காய் பிடிக்கும். பிஸ்மில்லாஹ் சொல்லித் தடவுவது நம் வேலை; காயாக்குவது அவன் வேலை. முயற்சி, தவக்குல் இரண்டும் அந்தக் கொடியின் அடியிலேயே புரிந்துவிடும்.

நாயகம் விரும்பிய காயும் வாசனையும்

சுரைக்காய் என்றால் நம் வீடுகளில் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். ஒரு தையல்காரர் நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் போட்ட ஆணமும் வைத்தார். உடன் சென்றிருந்த அனஸ் (ரலி) அவர்கள், தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளை நபி (ஸல்) அவர்கள் தேடி எடுத்துச் சாப்பிடுவதைப் பார்த்தார்கள். அன்று முதல் எனக்கும் சுரைக்காய் பிடித்துப்போனது என்கிறார்கள். புகாரி, முஸ்லிமில் வரும் செய்தி. வீட்டில் சுரைக்கொடி போட்டு, அதில் காய்த்ததைச் சமைக்கும் நாளில் இந்தச் செய்தியையும் சொல்லிப் பரிமாறுங்கள். பிள்ளைகள் சாப்பிடுவார்கள்.

பூவுக்கும் வாசனைச் செடிக்கும் வருவோம். 'அர்ரஹ்மான்' அத்தியாயத்தில் தானியத்தைச் சொன்ன கையோடு 'ரைஹான்' என்ற நறுமணச் செடியையும் அல்லாஹ் தன் அருட்கொடைகளில் ஒன்றாகச் சொல்கிறான். ஒருவருக்கு ரைஹான் கொடுக்கப்பட்டால் அதை மறுக்க வேண்டாம், அது சுமக்க இலேசானது, மணம் இனியது என்ற கருத்தில் நபிமொழி முஸ்லிமில் வருகிறது. வாசனையுள்ள செடிகள் எல்லாவற்றுக்கும் ரைஹான் என்று சொல்வதுண்டு. குறிப்பாக, நம் ஊரில் திருநீற்றுப் பச்சிலை என்கிறோமே, அந்தச் செடிக்கு அரபியில் இந்தப் பெயர் வழங்குகிறது. பெயரைப் பார்த்து இது நமக்கு ஆகாத செடி என்று யாரும் தயங்க வேண்டாம். நோன்பு திறக்கும்போது சர்பத்தில் ஊறப் போடும் சப்ஜா விதை அந்தச் செடியின் விதைதான். ஒரு தொட்டியில் அதை வைத்தால் வாசனையும் கிடைக்கும், விதையும் கிடைக்கும்.

அந்த நபிமொழியில் நுட்பமான ஓர் ஒழுக்கம் இருக்கிறது. அன்பளிப்பு பெரிதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு முழம் மல்லிகை, ஒரு பிடி புதினா, ஒரு கை மருதாணி இலை. கொடுப்பவருக்கும் பாரமில்லை, வாங்குபவருக்கும் கடன்பட்ட கூச்சமில்லை.

தெரிந்துகொள்ள வேண்டிய சில சட்டங்கள்

தண்ணீர்: நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' தண்ணீரில் உளூ செய்வார்கள் என்று புகாரி, முஸ்லிமில் வருகிறது. ஒரு முத் என்பது ஒரு லிட்டர்கூட இல்லை. நாம் குழாயைத் திறந்துவிட்டு உளூ செய்தால் ஒரு சின்ன வாளியே நிறைந்துவிடும். உளூ செய்த தண்ணீரை மீண்டும் உளூவுக்குப் பயன்படுத்த முடியாது. ஆனால் அது சுத்தமான தண்ணீர்தான் என்பதே ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபிலும் உள்ள சட்டம். ஆகவே அதைச் செடிக்குத் தாராளமாக ஊற்றலாம். வீட்டில் உளூ செய்யும் இடத்தில் ஒரு வாளியை வையுங்கள். ஐந்து நேரத் தொழுகையாளி ஒருவர் இருக்கும் வீட்டில் நாலு தொட்டிச் செடிக்குத் தனியாகத் தண்ணீர் தேட வேண்டியிருக்காது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் தெருவில், குடிதண்ணீரைக் குழாய் போட்டுச் செடிக்குப் பாய்ச்சுவது தர்மம் அல்ல, வீண்விரயம்.

உரம்: ஆட்டுப் புழுக்கை, மாட்டுச் சாணம் போடலாமா, அதில் விளைந்ததைச் சாப்பிடலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் சாப்பிடலாம். நஜீஸான உரத்தில் விளைந்தாலும் பயிர் சுத்தமானதுதான். சாணமோ, கோமியம் கலந்த கரைசலோ இலையில் பட்டிருந்தால் கழுவிவிட வேண்டும். உங்கள் கையிலோ உடையிலோ பட்டிருந்தால் தொழுகைக்கு முன் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். பாங்கு சொன்னதும் மண் கையோடு ஓடிவரும் சகோதரர்கள் இதைக் கவனியுங்கள்.

ஜகாத்: வீட்டுத் தோட்டத்துக் காய்கறிக்கு ஜகாத் உண்டா? ஷாஃபி மத்ஹபில் காய்கறி, கீரைகளுக்கு ஜகாத் இல்லை. ஹனஃபி மத்ஹபில், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்துப்படி நிலத்தில் விளையும் காய்கறிக்கும் உஷ்ர் உண்டு. ஆனால் குடியிருக்கும் வீட்டுக்குள் விளைவதற்கு இல்லை. ஆக, உங்கள் மாடிக் கீரையில் இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று உங்கள் மீது கடமை எதுவும் இல்லை. இங்கேதான் மனிதனின் மனசு வெளிப்படுகிறது. கடமை இல்லாத இடத்தில் கொடுக்கிறாரா இல்லையா?

அண்டை வீடு: உங்கள் முருங்கைக் கிளை பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டிப் போனால், அதை வெட்டச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அந்தக் கிளையில் தொங்கும் காய் உங்களுடையது. அனுமதி இல்லாமல் அவர் பறிக்க முடியாது. சட்டம் இவ்வளவுதான். ஆனால், அந்தப் பக்கம் காய்த்ததெல்லாம் உங்களுக்குத்தான் பாய் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வழக்கும் இல்லை, வருத்தமும் இல்லை. அபூதாவூதில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஒரு அன்ஸாரித் தோழரின் தோட்டத்துக்குள் இன்னொருவருக்குச் சில பேரீச்சை மரங்கள் இருந்தன. அவர் அடிக்கடி உள்ளே வருவதால் குடும்பத்தோடு இருந்த அந்த அன்ஸாரிக்குச் சிரமம். விற்றுவிடும்படியும், மாற்றிக்கொள்ளும்படியும், நன்மையை நாடி அன்பளிப்பாகக் கொடுத்துவிடும்படியும் நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். எதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. நீர் தொல்லை தருபவராக இருக்கிறீர் என்று சொல்லி, அந்த மரங்களை அகற்றிவிடத் தீர்ப்பளித்தார்கள். மரம் நடுவதை இவ்வளவு புகழ்ந்த நாயகம், அது அண்டை வீட்டாருக்குத் தொல்லையானபோது மரத்தின் பக்கம் நிற்கவில்லை.

அடுக்குமாடியில் இருப்பவர்களே! பொது மாடியில் தொட்டி வைக்கும் முன் மற்றவர்களின் சம்மதத்தைக் கேளுங்கள். ஈரமண் கனமானது. தேங்காய் நார்க் கழிவு கலந்த இலேசான மண் கலவையைப் பயன்படுத்துங்கள். தொட்டிக்கு அடியில் தட்டோ செங்கல்லோ வையுங்கள். உங்கள் ரோஜாவுக்கு ஊற்றிய தண்ணீர் கீழ்வீட்டுக்காரரின் சீலிங்கில் ஒழுகினால், அந்த ரோஜா உங்களுக்குப் பாவத்தைச் சம்பாதித்துக் கொடுத்துவிடும்.

ஒரே இரவில் கருகிய தோட்டம்

சகோதரர்களே! 'அல்கலம்' அத்தியாயத்தில் 17ஆம் வசனத்தில் இருந்து ஒரு தோட்டத்தின் கதையை அல்லாஹ் சொல்கிறான். யமன் நாட்டில், ஸன்ஆ நகருக்கு அருகில் நடந்தது என்று விரிவுரையாளர்கள் சிலர் குறிப்பிடுகிறார்கள். தந்தை நல்லவர். விளைந்ததில் தோட்டத்துக்கு வேண்டியதையும், குடும்பத்துக்கு ஓர் ஆண்டு உணவையும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார். அவர் மறைந்தார். தோட்டம் பிள்ளைகள் கைக்கு வந்தது. நம் தந்தைக்கு விவரம் போதவில்லை என்று அவர்கள் நினைத்தார்கள். விடியும்போதே போய்ப் பறித்துவிடலாம் என்று சத்தியம் செய்தார்கள். இன்ஷா அல்லாஹ்கூடச் சொல்லவில்லை. இன்று எந்த ஏழையும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று மெல்லிய குரலில் பேசிக்கொண்டே போனார்கள். போய்ப் பார்த்தால் தோட்டம் கருகிக் கிடந்தது. வழி தவறி வந்துவிட்டோமோ என்று முதலில் நினைத்தார்கள். பிறகுதான் புரிந்தது.

அவர்கள் செய்த குற்றம் என்ன? திருடவில்லை. அடுத்தவர் நிலத்தைப் பிடிக்கவில்லை. சொந்தத் தோட்டத்தின் கதவைச் சாத்தினார்கள். அவ்வளவுதான். அவர்களின் தந்தை திறந்து வைத்திருந்த கதவு அது.

நம் முன்னோரின் வீடுகளை நினைத்துப் பாருங்கள். கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு மருதாணிச் செடி இருக்கும். கறிவேப்பிலையைத் தெருவில் யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். பெருநாள் இரவில் தெருப் பிள்ளைகள் எல்லாம் அந்த ஒரே மருதாணியில் பறித்துத்தான் கை சிவப்பார்கள். இன்று நாம் மாடியில் அருமையாக விளைவிக்கிறோம். பறித்ததைத் தட்டில் அடுக்கி, படம் எடுத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறோம். ஊரெல்லாம் அதைப் பார்க்கிறது. பக்கத்து வீட்டுச் சட்டி அதைப் பார்க்கவில்லை. ஆணம் காய்ச்சினால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி அண்டை வீட்டாரைக் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். தண்ணீர் கூட்டிய ஆணமே கொடுக்கத் தகுதியானது என்றால், ஒரு கட்டுக் கீரை கொடுக்கத் தகுதி இல்லாததா?

அந்தத் தோட்டத்துக்காரர்களின் கதை கருகிய தோட்டத்தோடு முடியவில்லை. நாங்கள் வரம்பு மீறிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு, இதைவிடச் சிறந்ததை எங்கள் இறைவன் தருவான் என்று அவனிடமே ஆசை வைத்தார்கள். சாத்திய கதவைத் திறக்க எவருக்கும் வழி உண்டு என்பதையும் அல்லாஹ் அங்கே காட்டிவிட்டான்.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, வெள்ளிக்கிழமைக் கீரை. தண்டுக்கீரை, சிறுகீரை விதைத்து 25 முதல் 30 நாளில் பறிக்கலாம். வாரம் ஒரு பையில் விதைத்து வந்தால் வாரம் ஒரு பை பறிக்கக் கிடைக்கும். வெள்ளிக்கிழமை பறிப்பதை வீட்டுக்கு எடுக்காதீர்கள். உங்கள் தெருவில் கணவரை இழந்து தனியாக இருக்கும் ஒரு தாய், படுக்கையில் இருக்கும் ஒரு பெரியவர், முஸ்லிமோ மாற்று மதச் சகோதரரோ, ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து அங்கே கொடுங்கள். பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள், அந்த வாசலில் ஸலாம் சொல்லவும் நலம் விசாரிக்கவும் பிள்ளை பழகும். தனியாக இருக்கும் பலருக்குக் கீரையைவிட அந்த விசாரிப்புதான் பசி தீர்க்கும்.

இரண்டாவது, நோன்புக் கஞ்சிக்குப் புதினா. ரமளான் இப்போது பனிக்காலத்தை நோக்கி நகர்ந்து வருகிறது. புதினாவுக்கும் மல்லிக்கும் அது நல்ல பருவம். கடையில் வாங்கிய புதினாக் கட்டில் இலையைக் கிள்ளிய பிறகு, தடித்த தண்டுகளைக் கணு மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பாருங்கள். தழைத்துவிடும். மல்லி விதையை இரண்டாக உடைத்து விதையுங்கள். வீட்டுக்கு ஒரே ஒரு தொட்டியை, இது பள்ளிவாசல் கஞ்சிக்கு என்று நிய்யத் வைத்து வளர்த்தால், முப்பது நாளும் நம் ஜமாஅத் கஞ்சிக்கு இலை வாங்க வேண்டியிருக்காது. காசு கொடுக்க இயலாத வீடும் அந்தக் கஞ்சியில் பங்குதாரர் ஆகிவிடும்.

மூன்றாவது, கன்றும் தண்டும் விதையும் பகிர்ந்துகொள்ளுங்கள். ஸல்மான் ஃபாரிஸி (ரலி) அவர்கள் அடிமைத்தளையில் இருந்து விடுபட, அவர்களின் எஜமானர் 300 பேரீச்சங் கன்றுகள் நட்டுத் தர வேண்டும், 40 ஊக்கியா தரவேண்டும் என்று நிபந்தனை போட்டார். உங்கள் சகோதரருக்கு உதவுங்கள் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். ஒருவர் முப்பது கன்று கொண்டுவந்தார், ஒருவர் இருபது, ஒருவர் பதினைந்து, ஒருவர் பத்து. அவரவர் வசதிக்கு ஏற்பக் கொடுத்தார்கள். குழிகளை ஸல்மான் (ரலி) அவர்களும் தோழர்களும் தோண்ட, நபி (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தால் கன்றுகளை நட்டார்கள். முஸ்னத் அஹ்மதில் இந்த வரலாறு விரிவாக வருகிறது. ஒரு மனிதரின் விடுதலை கன்றுகளால் வந்தது!

கடைசியாகச் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. ஜாபிர் (ரலி) அவர்களின் சிறிய தாயார் ஒருவர் தலாக் சொல்லப்பட்டு இத்தாவில் இருந்தார். தன் பேரீச்சையைப் பறிக்கப் போக விரும்பினார். ஒருவர் கண்டித்தார். அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டார். போய்ப் பறித்துக்கொள் என்று அனுமதி கொடுத்து, அதிலிருந்து நீ தர்மம் செய்யலாம், ஏதேனும் நன்மை செய்யலாம் அல்லவா என்ற கருத்தில் காரணமும் சொன்னார்கள். முஸ்லிமில் உள்ளது. இத்தாவின் சட்ட விவரங்களில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை ஆலிம்களிடம் தனியே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கவனிக்கச் சொல்வது அந்தக் காரணத்தை. வாழ்க்கை உடைந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை, பாவம், இவளுக்கு நாலு பேர் கொடுக்க வேண்டும் என்று நாம் பார்ப்போம். நாயகமோ அவரைக் கொடுக்கக் கூடியவராகப் பார்த்தார்கள்!

அன்பிற்கினியவர்களே! கியாமத் நாள் வரும் நேரத்தில் உங்களில் ஒருவர் கையில் ஒரு பேரீச்சங் கன்று இருந்து, அதை நட்டுவிட முடியும் என்றால் நட்டுவிடட்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களும், 'அல்அதபுல் முஃப்ரத்' நூலில் இமாம் புகாரி (ரஹ்) அவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். பேரீச்சை காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். கியாமத்தோ வந்துவிட்டது. அதன் கனியை உண்ண நட்டவரும் இருக்க மாட்டார், வேறு யாரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் நடச் சொல்கிறார்கள். ஏனென்றால் கனி யார் கைக்குப் போகிறது என்பதில் நட்டவரின் கூலி இல்லை. நட்டதிலேயே இருக்கிறது.

எனவே இந்த ஆடியில் ஒரு விதையாவது போடுங்கள். போடும்போதே, யா அல்லாஹ், இதில் என் வீட்டுக்கும் பங்கு, உன் அடியார்களுக்கும் பங்கு என்று நிய்யத் செய்துகொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளில் பரக்கத் செய்வாயாக! எங்கள் கைகளால் விதைப்பவற்றை உன் குத்ரத்தால் முளைக்கச் செய்வாயாக! எங்கள் வாசல்களை ஏழைகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் திறந்தவையாக ஆக்குவாயாக! பயனுள்ள மழையைத் தருவாயாக! எங்களுக்கு முன் மரம் நட்டுச் சென்ற எங்கள் பெற்றோர், பாட்டன் பாட்டிமாரின் கப்ருகளைச் சுவனப் பூங்காக்களாக ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.